திருவருகைக் காலத்துல மனச எப்படி தயார் பண்றது? டெல்டா பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருவருகைக் காலம்ங்கறது கிறிஸ்மஸுக்கு காத்துருந்து தயாராகுற காலம். நவம்பர் கடைசி வந்தா அன்பியக் கூட்டத்துலயும் (பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற கூட்டம்) மறைக்கல்வி வகுப்புலயும் இந்த கேள்விங்க திரும்பத் திரும்ப வரும். கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம், நாகப்பட்டினம் பக்கம் நம்ம ஜனங்க எப்படி வாழுறாங்களோ அத வெச்சு தான் பதில் எழுதிருக்கேன். நான் கத்தோலிக்க கோயில்ல மறைக்கல்வி சொல்லித்தர்ற ஒரு குடும்பப் பொம்பள, அவ்ளோதான். சட்டதிட்டமா ஏதாவது உறுதியா தெரியணும்னா உங்க பங்குச் சாமியார்கிட்ட கேட்டுக்குங்க.

திருவருகைக் காலம் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுது?

கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயித்துக்கிழமை தான் கணக்கு. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள், அதுக்கு ரொம்ப கிட்டக்க வர்ற ஞாயிறு முதல் ஞாயிறு, அதனால நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவுல எந்த தேதில வேணா வரும். 2022-ல நவம்பர் 27-லயே ஆரம்பிச்சு முழுசா 28 நாள் கெடச்சுது. 2023-ல டிசம்பர் 3 தான் ஆரம்பம், வெறும் 22 நாள், நாலாவது ஞாயிறும் 24-ம் தேதியும் ஒரே நாளா வந்துருச்சு. 2026-ல நவம்பர் 29, 2027-ல நவம்பர் 28. டிசம்பர் 24 சாயங்காலத்தோட முடியும். திருச்சபைக்கு புது வருஷம் பொறக்கறதே இந்த முதல் ஞாயிறுல தான்.

கிறிஸ்மஸ் வருதுன்னு தெரியும், அப்புறம் ஏன் முதல் ஞாயிறு பூசைல உலக முடிவு பத்தி வாசிக்கிறாங்க?

இந்த கேள்வி கேக்குறவங்க பூசைல கவனமா இருந்துருக்காங்கன்னு அர்த்தம், எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். மாட்டுத் தொழுவம், கொழந்தைன்னு எதிர்பாத்து போயி உக்காந்தா, விழிப்பா இருங்க, எந்த நாள்ல ஆண்டவர் வருவார்னு உங்களுக்கு தெரியாதுன்னு வாசகம் வரும், கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்.

இந்தக் காலத்துக்கு ரெண்டு பாதி. முதல் ஞாயிறுல இருந்து டிசம்பர் 16 வரைக்கும் பெரும்பாலும் கடைசி நாள்ல அவர் மகிமையோட வரப்போறத பத்தி. டிசம்பர் 17-ல இருந்து 24 வரைக்கும் தான் பெத்லகேம், மரியா, சூசையப்பர்னு பிறப்புப் பக்கம் திரும்பும். நடுவுல ரெண்டாவது, மூணாவது ஞாயிறு திருமுழுக்கு யோவானுக்கு, நாலாவது ஞாயிறு ஒரு வருஷம் சூசையப்பர் கண்ட கனவு, ஒரு வருஷம் கபிரியேல் தூதர் வந்தது, ஒரு வருஷம் மாதா எலிசபெத்த பாக்கப் போனதுன்னு மாறி மாறி வரும்.

12-ம் நூற்றாண்டுல வாழ்ந்த புனித பெர்னார்து மூணு வருகைன்னு பிரிச்சு சொன்னாரு. முன்னாடி மனுஷனா வந்தது ஒண்ணு, கடைசில வரப்போறது ஒண்ணு, இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னிக்கு நம்ம மனசுக்குள்ள சத்தமில்லாம வர்றது மூணாவது. முதல் வருகை நடந்து முடிஞ்சுது, கடைசி வருகை நம்ம கைல இல்ல, இந்த நடு வருகைல தான் நமக்கு வேல இருக்கு. கீழ எழுதிருக்கறதெல்லாம் அதுக்குத்தான்.

சரி, மனசளவுல தயாராகுறதுன்னா நடைமுறைல என்ன செய்யச் சொல்றீங்க?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இத சுலபமா சொல்லிடலாம். மேட்டூர் அணைய வழக்கமா ஜூன் 12 தொறப்பாங்க, அதுக்கு முன்னாடி ஏப்ரல், மே மாசத்துல ஆத்தையும் வாய்க்காலையும் தூர் வாருவாங்க இல்லையா, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கெடந்தா கல்லணைல எவ்வளவு தண்ணி தொறந்தாலும் கடைமடைக்கு ஒரு சொட்டு வந்து சேராது. தண்ணிய கொண்டாரது நாம இல்ல, அது மேலேருந்து வருது, நம்ம வேல வாய்க்கால சுத்தமா வெக்கிறது. ஆண்டவருக்கு வழிய ஆயத்தம் பண்ணுங்க, பள்ளம் எல்லாம் நிரம்பணும், மலை எல்லாம் தாழணும்னு ஏசாயா சொன்னத யோவான் யோர்தான் ஆத்தங்கரைல நின்னு கத்துனது இதைத்தான்.

அப்ப அங்க இருந்த ஜனங்களும் இதே கேள்விய தான் கேட்டாங்க, நாங்க என்ன செய்யணும்னு. லூக்கா 3-ம் அதிகாரத்துல 10-ல இருந்து 14 வரைக்கும் எடுத்து படிச்சு பாருங்க, யோவான் ஒருத்தர்கிட்டயும் இத்தன ஜெபமாலை சொல்லுன்னு சொல்லல. ரெண்டு அங்கி இருந்தா ஒண்ண இல்லாதவனுக்கு குடு, சாப்பாடு இருந்தா பங்கு வை. வரி வசூல் பண்றவன்கிட்ட, உனக்கு விதிச்சதுக்கு மேல ஒரு காசு வாங்காத. படைவீரன்கிட்ட, மெரட்டி பணம் பறிக்காத, பொய்க்கேஸ் போடாத, உன் சம்பளம் போதும்னு இரு.

இத நம்ம ஊருக்கு கொண்டு வந்து பாருங்க. நெல் கொள்முதல் நடக்குற எடத்துல வேல பாக்குறவர் மூட்டைக்கு இவ்வளவுன்னு தனியா வாங்குனா அவருக்கு திருவருகைக் காலத் தயாரிப்பு அத நிறுத்துறது தான், டெய்லி பூசைக்கு வந்தாலும் அது பாக்கி நிக்கும். ஆள் வெச்சு வேல வாங்குறவர் பொம்பள ஆளுன்னு கூலிய குறைச்சு குடுத்தா அத சரி பண்றது. வட்டிக்கு விடுறவர் இந்த மழ மாசத்துல வீட்டு வாசல்ல போயி நிக்காம இருக்கறது. மகளிர் குழு கணக்கு எழுதுறவங்க கணக்க நேரா எழுதறது. நானும் வகுப்பு எடுக்கும்போது முதல்ல இதத்தான் கேக்கச் சொல்லுவேன், என் தொழில்ல யோவான் என்கிட்ட என்ன சொல்லிருப்பாருன்னு. பிள்ளைங்க கூட சரியா பதில் சொல்லுதுங்க, பாத்து எழுத மாட்டேன், தம்பிய அடிக்க மாட்டேன்னு.

எங்க அண்ணனும் நானும் பேசி பல வருஷமாச்சு, வரப்புத் தகராறு. இத வெச்சுக்கிட்டு கிறிஸ்மஸ் பூசைல நற்கருணை வாங்கலாமா?

டெல்டால இது இல்லாத குடும்பத்த தேடித்தான் பாக்கணும். வரப்ப ரெண்டு அடி வெட்டிட்டான், மடைய மறிச்சுட்டான், பாகப்பிரிவினைல வீட்டு மனை அவனுக்கு போயிருச்சு, கல்யாணத்துல மரியாத குடுக்கல, மொய் திருப்பி செய்யலன்னு ஆரம்பிச்சு ஒரே கோயில்ல ஆளுக்கொரு பக்கம் உக்காந்து, சமாதானம் சொல்ற நேரத்துல பக்கத்து ஆளுக்கு கும்பிட்டுட்டு அண்ணன் இருக்குற திசைய மட்டும் பாக்காம இருப்பாங்க. மத்தேயு 5-ம் அதிகாரத்துல இயேசு சொன்னது உங்களுக்கே தெரியும், காணிக்கைய பீடத்துக்கு முன்னாடி வெச்சுட்டு போயி மொதல்ல சகோதரனோட ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து. அவன் மேல தப்புன்னா நீ வெயிட் பண்ணுன்னு அதுல இல்ல, அவனுக்கு உன் மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தாலே எழுந்து போன்னு தான் இருக்கு.

எப்படி போறதுன்னு கேட்டீங்கன்னா, நேரா வரப்பு விஷயத்த எடுக்காதீங்க, அது திரும்ப அங்கயே போயி முட்டும். அண்ணிக்கு ஒடம்பு சரியில்லையா, மருமவ மாசமா இருக்காளா, பையனுக்கு வேல கெடச்சுருக்கா, அத கேக்க போங்க. கூட மாமாவையோ அத்தையையோ கூட்டிட்டு போங்க, ரெண்டு பேருக்கும் வேண்டப்பட்ட பெரியவங்க ஒருத்தர் இருந்தா வாய் தடிக்காது. 24-ம் தேதி வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கு எல்லாருக்கும் வேல, துணி தைக்க குடுத்தது வரலன்னு டென்ஷன். முதல் வாரமே போங்க. அவங்க மூஞ்சி குடுக்கலன்னா திரும்பி வந்துருங்க, ரெண்டாவது வாரம் திரும்ப போங்க, போனதே உங்க பங்கு.

கோர்ட்டுல கேஸ் நடக்குதுன்னா அது பாட்டுக்கு நடக்கட்டும், சர்வேயர் வந்து அளக்கட்டும், நிலத்துக்கு நியாயம் கேக்குறது பாவம் இல்ல, ஆனா அவன் நாசமா போகணும்னு உள்ளுக்குள்ள நெனைக்கிறத விட்டுருங்க. நற்கருணை வாங்கலாமான்னு கேட்டீங்க, உள்ள வெறுப்பு கனமா இருக்குன்னு உங்களுக்கே பட்டா மொதல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்க, போங்க.

இன்னொண்ணு, இத அழுத்தி சொல்லணும். குடிச்சுட்டு வந்து அடிக்கிற புருஷன் கிட்ட திரும்பிப் போ, மன்னிச்சுரு, கிறிஸ்மஸ் வருதுன்னு ஒரு பொண்ண யாரும் அனுப்பாதீங்க. மன்னிப்பு வேற, திரும்ப அடி வாங்க போறது வேற. அந்த வீட்டுல மாற வேண்டியது அடிக்கிற ஆளு.

பாவசங்கீர்த்தனம் செஞ்சு ரொம்ப வருஷமாச்சு, கூச்சமா இருக்கு, என்ன பண்றது?

போயி முட்டி போட்டு, ரொம்ப வருஷமாச்சு சாமி, எப்படி சொல்றதுன்னு மறந்து போச்சுன்னே ஆரம்பிங்க, மிச்சத்த அவரே கேட்டு கூட்டிட்டு போவாரு. திருச்சபைச் சட்டப்படி கனமான பாவம் இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யணும், அது இந்தக் காலத்துல தான்னு இல்ல, ஆனா இப்ப செஞ்சா நல்லது. உங்க பங்குச் சாமியாருக்கு உங்கள தெரியும்னு கூச்சமா இருந்தா வேளாங்கண்ணிக்கோ பூண்டி மாதா கோயிலுக்கோ போனப்ப அங்க செஞ்சுக்குங்க, திருத்தலத்துல வர்ற ஆயிரம் பேர்ல நீங்க ஒருத்தர். கடைசி ரெண்டு நாள்ல வரிசை நீளமா இருக்கும், சாமியாரும் களைச்சு போயிருப்பாரு, டிசம்பர் முதல் ரெண்டு வாரத்துல போனா நிதானமா பேசலாம்.

போறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு கால் மணி நேரம் உக்காந்து யோசிங்க. செஞ்ச தப்ப மட்டும் இல்லாம செய்யாம விட்ட நல்லதையும் சேத்து யோசிங்க, பக்கத்து வீட்டுப் பெரியம்மா தனியா படுத்து கெடந்தப்ப எட்டிப் பாக்காதது மாதிரி. நமக்கெல்லாம் பெரும்பாலும் பாக்கி அங்க தான் இருக்கு.

தவக்காலம் மாதிரி ஒருசந்தி இருக்கணுமா? கறி மீன் சாப்பிடலாமா?

கட்டாயம் இல்ல. நம்ம லத்தீன் முறைல கட்டாய ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுசா சாப்பிடுற நோன்பு) சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் தான். பழைய காலத்துல 5-ம் நூற்றாண்டு வாக்குல பிரான்ஸ் பக்கம் நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள்ல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் வாரத்துக்கு மூணு நாள் ஒருசந்தி இருந்துருக்காங்க, கீழைத் திருச்சபைங்கள்ல சிலதுல இன்னிக்கும் 40 நாள் இருக்காங்க. நமக்கு பூசைல சாமியாருக்கு ஊதா உடுப்பு, ஞாயிறு பூசைல உன்னதங்களிலே பாட்டு பாட மாட்டோம், ஆனா அல்லேலூயா உண்டு, தவக்காலத்துல அதுவும் கிடையாது. துக்கமா இருக்குற காலம் இல்ல, ஒருத்தர எதிர்பாத்து அடக்கமா இருக்குற காலம். மூணாவது ஞாயிறு ரோஸ் கலர் உடுப்பு போடுறது கூட சந்தோஷம் கிட்ட வந்துருச்சுன்னு காட்டத்தான்.

விருப்பப்பட்டு வெள்ளிக்கிழமை கறி இல்லாம சுத்தபோசனம் இருக்கலாம், நல்லது. ஆனா வேல செஞ்சு கஞ்சி குடிக்கிற வீட்டுல பட்டினி கெடக்க சொல்ல எனக்கு மனசு வராது. ஒருசந்திய வேற எடத்துல வையுங்க. குடிக்கிறவரு இந்த நாலு வாரம் நிறுத்துனா குடும்பமே தயாராயிரும். சீரியல், ரீல்ஸ், அடுத்த வீட்டுக் கதை, இதுல ஒண்ண நிறுத்துங்க, கைல காசு மிச்சமாச்சுன்னா அத ஏழைங்களுக்கு ஒதவுற வின்சென்ட் தே பவுல் சபை உண்டியல்ல போடுங்க.

வயல் வேல, வீட்டு வேல, பிள்ளைங்க ஸ்கூலு, ஜெபிக்க நேரமே இல்லையே?

மார்கழி பொறந்தா, அதாவது டிசம்பர் 16, 17 வாக்குல, நம்ம ஊரே விடியக்காலைல முழிச்சுக்கும். பக்கத்து பெருமாள் கோயில்ல திருப்பாவை, சிவன் கோயில்ல திருவெம்பாவை, வாசல்ல கோலம். நமக்கும் சரியா அதே நாள்ல தான் பிறப்புக்கு முந்தின கடைசி எட்டு நாள் ஆரம்பிக்குது. ஊரோட நாமும் எழுந்து ஒரு கால் மணி நேரம் அன்னிக்கு உள்ள வாசகத்த படிச்சுட்டு சும்மா உக்காரலாம். ஐயா அம்மா எல்லாம் பாயில உக்காந்து ஜெபமாலை சொன்ன நேரம் அது தான்.

அது முடியலன்னா மூவேளை ஜெபத்த புடிச்சுக்குங்க. காலை, மத்தியானம், சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது ரெண்டு நிமிஷம் தான் ஆகும், களை எடுக்குற எடத்துலயே நின்னு சொல்லலாம், பஸ்ல சொல்லலாம். தூதர் மரியாவுக்கு சொன்னது, மரியா சரின்னு சொன்னது, வார்த்தை மனுஷனானது, திருவருகைக் காலம் முழுசும் அந்த ரெண்டு நிமிஷத்துல இருக்கு. எங்கப்பா காலத்துல மணிச்சத்தம் கேட்டா வரப்புல போறவரு தலைப்பாகைய கழட்டிட்டு நிப்பாரு, இப்ப மைக்செட்ல மணி நல்லா தூரத்துக்கு கேக்குது, நிக்கிற ஆளு தான் கொறஞ்சு போச்சு.

மெழுகுவர்த்தி வளையம் வீட்டுல வெக்கணுமா? அது வெள்ளக்காரன் பழக்கம் தானே?

ஆமா, அங்கேருந்து வந்தது தான். ஜெர்மனில ஹாம்பர்க் நகரத்துல யோகான் விக்கெர்ன்னு ஒரு லுத்தரன் போதகர், ஏழைப் பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்துனவரு, கிறிஸ்மஸ் எப்ப வரும் எப்ப வரும்னு பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருந்ததால 1839-ல ஒரு வண்டிச் சக்கரத்துல மெழுகுவர்த்தி வெச்சு தினம் ஒண்ணு ஏத்த ஆரம்பிச்சாரு. அப்புறம் நாலு ஞாயிறுக்கு நாலுன்னு சுருங்கி கத்தோலிக்க கோயிலுக்கும் வந்துச்சு. மூணு ஊதா, மூணாவது வாரத்துக்கு ஒரு ரோஸ்.

வீட்டுல வெக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா சின்னப் பிள்ளைங்க இருந்தா வையுங்க. ஊசியிலைக்கு எங்க போறதுன்னு பிளாஸ்டிக்ல வாங்காதீங்க, ஒரு தாம்பாளத்துல மாவிலையும் வேப்பிலையும் சுத்தி வெச்சு நாலு மெழுகுவர்த்தி நட்டா போதும், கலர் கெடைக்கலன்னா வெள்ளையே ஏத்துங்க. புயல் மழைல கரண்ட் எப்படியும் போகப்போகுது, அந்த இருட்டுல டிவி அணைஞ்ச நேரத்துல எல்லாரும் அத சுத்தி உக்காந்து ஒரு வாசகம் படிச்சா அதவிட நல்ல குடும்ப ஜெபம் கெடையாது.

குடில் எப்ப போடணும்?

டிசம்பர் 17 வாக்குல ஆரம்பிங்க. 1223-ல அசிசி பிரான்சிஸ் இத்தாலில கிரெச்சியோங்கற ஊருல முதல் தடவையா வெச்சப்ப நெஜ மாடும் கழுதையும் நிறுத்தி தீவனத்தொட்டி தான் வெச்சாரு, ஏழ்மை கண்ணுக்கு தெரியணும்னு. பிள்ளைங்கள கேழ்வரகோ நெல்லோ தட்டுல வெதைக்க சொல்லுங்க, ஒரு வாரத்துல பச்சப்பசேல்னு வந்துரும், வைக்கோல் நம்மகிட்ட பஞ்சமா. பாலன் சுரூபத்த மட்டும் 24 ராத்திரி வரைக்கும் வெக்காதீங்க. அந்த எடம் காலியா இருக்கட்டும்.

எங்க வகுப்புல சில பிள்ளைங்க ஒரு நல்ல காரியம் செஞ்சா ஒரு வைக்கோல எடுத்து அந்த தொட்டில போடுவாங்க. வாய்விட்டு சொல்லக்கூடாது, என்ன செஞ்சோம்னு யாருக்கும் தெரியக்கூடாது, அது மட்டும் தான் ரூல்.

கேரல் ரவுண்ட்ஸ் போறது ஆன்மீகத் தயாரிப்புல சேருமா?

எந்தத் தெருவுக்கு போறீங்கங்கறத பொறுத்து. இத நான் மென்மையா சொல்ல விரும்பல.

நம்ம டெல்டால தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும், கேரல் பார்ட்டி எந்த வீட்டுல தண்ணி குடிக்கும், யாரு வீட்டு வாசல்லயே பாடிட்டு திரும்பிரும்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கிறிஸ்து பொறந்த அதே நாள்ல, கீழ்வெண்மணில விவசாயக் கூலிங்க 44 பேர ஒரு குடிசைக்குள்ள வெச்சு எரிச்சாங்க, முக்கால்வாசி பொம்பளைங்களும் கொழந்தைங்களும், நெல் கூலி கூட கேட்டு சங்கமா நின்னது தான் அவங்க செஞ்ச குத்தம். நாகப்பட்டினம் பக்கத்துல நடந்தது, வேற எந்த நாட்டுலயோ இல்ல. நாம கிறிஸ்மஸ் கேக் வெட்டுற அதே நாள்ல அங்க வருஷா வருஷம் நினைவு நாள் நடக்குது. அந்த மண்ணுல நின்னுக்கிட்டு, சத்திரத்துல எடம் கெடைக்காத கொழந்தைய வரவேக்க தயாராகுறோம்னு சொல்லணும்னா சேரித் தெருவுக்குள்ள போயி, வீட்டுக்குள்ள பாயில உக்காந்து, அவங்க குடுக்குற டீய குடிச்சுட்டு வரணும். பள்ளம் எல்லாம் நிரம்பணும், மலை எல்லாம் தாழணும்ங்கறதுக்கு நம்ம ஊருல இதவிட நேரான அர்த்தம் எனக்கு தெரியல.

மத்தபடி கேரல நாலாவது வாரத்துல வெச்சுக்குங்க. டிசம்பர் 1-ம் தேதியே மைக்செட், கிறிஸ்மஸ் தாத்தா டிரஸ்னு எறங்கிட்டா கிறிஸ்மஸ் அன்னிக்கு எல்லாருக்கும் தொண்டை கட்டி அலுத்து போயிருது. வசூல் பணத்துல பாதியாவது அந்த வருஷம் மழைல வீடு இடிஞ்சவங்களுக்கு போகட்டும்.

கைல காசே இல்ல, பிள்ளைங்களுக்கு புதுத்துணி எடுக்க கடன் வாங்கலாமா?

வாங்காதீங்க. டிசம்பர் நம்ம பக்கம் காசு பொரளாத மாசம். சம்பா கதிரு வர்ற நேரம், நடவு களை எல்லாம் முடிஞ்சு கூலி வேல கெடையாது, அறுப்பு பொங்கல ஒட்டி தான், கடல்ல புயல் எச்சரிக்கைன்னா போட்டும் போகாது. அந்த நேரத்துல தோட்ட அடகு வெச்சு அஞ்சு பேருக்கு துணி எடுத்தா மாசி வரைக்கும் வட்டி. பாலன சுத்துனதே பழந்துணில தான். தொவச்சு மடிச்ச சட்டையோட பூசைக்கு வாங்க, கோயில்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக்கூடாது, அப்படி சொல்ற ஆள் இருந்தா தயாரிப்பு தேவப்படுறது அவருக்கு. வசதி உள்ளவங்க தன் பிள்ளைக்கு ரெண்டு செட் எடுக்கறதுக்கு பதிலா ஒண்ண எடுத்து இன்னொண்ண, பேர் சொல்லாம, ஃபாதர் மூலமா குடுங்க. மறுபடி அந்த லூக்கா 3 தான்.

சிஎஸ்ஐ, லுத்தரன் சபைக்காரங்களும் இத அனுசரிக்கிறாங்களா?

ஆமா, அதே நாலு ஞாயிறு. அட்வென்ட்னே சொல்லுவாங்க. 1706-ல ஜெர்மன் போதகர் சீகன்பால்க் தரங்கம்பாடில வந்து எறங்குனாரே, அந்த வழி வந்த லுத்தரன் சபைக்கு திருச்சபை ஆண்டு உண்டு, 1718-ல கட்டுன புது எருசலேம் ஆலயம் இன்னும் அங்க நிக்குது. பெந்தெகொஸ்தே சபைங்கள்ல பெரும்பாலும் காலமா அனுசரிக்கிறது இல்ல. ஒரே வீட்டுல மாமியார் ஒரு சபை மருமவ ஒரு சபைன்னா, ஏசாயாவ சேந்து படிங்க, அதுல சண்டைக்கு எடமில்ல.

இயேசு இந்தத் தேதில வரப்போறார்னு வாட்ஸ்அப்ல வருது, நம்பலாமா?

நம்பாதீங்க, ஃபார்வர்டும் பண்ணாதீங்க. அந்த நாளும் நேரமும் தந்தைக்கு தவிர வானதூதருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாதுன்னு மாற்கு 13-ல அவரே சொல்லிட்டாரு. விழிச்சுருங்கன்னு சொன்னது தேதி கணக்கு போட இல்ல, எப்ப வந்தாலும் நம்ம கணக்கு நேரா இருக்கத்தான்.

வீட்டுல இந்த வருஷம் ஒரு சாவு. எப்படி சந்தோஷமா தயாராகுறது?

சந்தோஷப்படணும்னு உங்கள யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம்ம கடக்கரை ஊருங்களுக்கு இது நல்லாவே தெரியும். 2004-ல கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழம காலைல சுனாமி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, வேளாங்கண்ணிக்கு திருவிழா பாக்க வந்தவங்களும் அதுல உண்டு. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் அந்த 26-ம் தேதி இன்னும் மெழுகுவர்த்தி ஏத்துற நாள். 2018-ல கஜா புயல் நவம்பர் 16 அடிச்சுது, ரெண்டு வாரம் கழிச்சு டிசம்பர் 2 முதல் ஞாயிறு, வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் தென்னை எல்லாம் சாஞ்சு கெடக்க, கூரை இல்லாம தான் திருவருகைக் காலம் பொறந்துச்சு.

அப்படி ஒரு வருஷம் உங்களுக்கு வந்தா ஸ்டார் கட்டலன்னு வருத்தப்படாதீங்க. முதல் ரெண்டு வாரத்து வாசகம் முழுக்க உங்களுக்காகத்தான், ஆறுதல் சொல்லுங்க, என் ஜனத்துக்கு ஆறுதல் சொல்லுங்கன்னு ஏசாயா 40 ஆரம்பிக்குமே, அது வீடு வாசல் இழந்து நாடுகடத்தப்பட்ட ஜனங்களுக்கு சொன்னது. இறந்தவருக்கு ஒரு பூசை கேளுங்க. கடைசி நாள்ல இறந்தவங்க எழுந்திருப்பாங்கன்னு நாம விசுவசிக்கிறோம், அந்த நாளுக்கு காத்துருக்கறதும் திருவருகை தான், ஒரு வகைல மத்தவங்கள விட நீங்க தான் உண்மையா காத்துருக்கீங்க. உறவுக்காரங்களுக்கு ஒண்ணு, 24 ராத்திரி அந்த வீட்டம்மாவ தனியா விடாதீங்க, பூசைக்கு வரலன்னா யாராவது ஒருத்தர் கூட இருங்க.

சவுதி, குவைத், சிங்கப்பூர்ல வேலைல இருக்கேன், குடும்பம் இங்க. நான் எப்படி?

வளைகுடா நாடுங்கள்ல பல எடத்துல வெள்ளிக்கிழமையே ஞாயிறு பூசை வெப்பாங்க, கோயில் இருக்குற நாடா இருந்தா விசாரிச்சு போங்க. கோயிலே இல்லாத எடமா இருந்தா, வீட்டுல ஜெபமாலை சொல்ற நேரத்துக்கு வீடியோ கால் போட்டு ஒரு பத்து மணிய நீங்க சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு அப்பா குரல்ல ஜெபம் கேக்குறது பெரிய விஷயம். ரூம்ல கூட தங்கிருக்கறவரு எந்த மதமா இருந்தாலும் ஊருக்கு பணம் அனுப்ப முடியாம தவிச்சா கொஞ்சம் ஒதவுங்க.

பாதி காலம் போயிருச்சு, ஒண்ணுமே செய்யல. இனிமே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிங்க. 17-ல இருந்து 23 வரைக்கும் ஏழு நாள் சாயங்கால ஜெபத்துல மாதாவோட பாட்டுக்கு முன்னாடி நாளுக்கு ஒரு பேர் சொல்லி கூப்பிடுற பழைய வழக்கம் ஒண்ணு திருச்சபைல இருக்கு. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே, எழுந்து வாரும்னு. சாயங்காலம் வெளக்கு ஏத்துனதும் அன்னிக்கு உள்ள பேர ஒரு தடவ சொல்லி, லூக்கா 1-ம் அதிகாரத்துல 46-ல இருந்து 55 வரைக்கும் மாதாவோட பாட்ட வாசிங்க, வலியவர அரியணைல இருந்து தூக்கி எறிஞ்சாரு, பசிச்சவங்கள நன்மையால நெரப்புனாருன்னு வரும், அத வேகமா தாண்டிராதீங்க. அந்த வாரத்துல ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு, ஒரு நாள் அண்ணன் வீட்டுக்கு. 24 அன்னிக்கு காலைலயே சமையல் வேலைய முடிச்சுட்டு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கிருங்க, அப்பதான் ராப்பூசைல பிரசங்கம் காதுல விழும்.